மின் மாண்டலின் வந்த வழி

1981ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சென்னையில் இசைவிழாக் காலம். இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் கச்சேரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறி அமர்ந்தான். அவன் மடியில் இருந்தது ஒன்றரை முழ நீளமே உள்ள ஒரு கருவி. வீணைக்குள்ள குடம் அதற்கு இல்லை. வயலினைப் போன்ற வில்லும் இல்லை. கருவியிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு ஒலிபெருக்கிக்குச் சென்றது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகமெங்கும் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று அறியப்பட்டவர். அவருடைய வாசிப்பைப் பற்றி இசையறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது அந்தக் கருவியின் கதையை. அது எங்கிருந்து வந்தது? அதற்கு ஏன் மின்சாரம் தேவைப்பட்டது? அதில் ஏன் ஐந்து தந்திகள்? இந்தக் கேள்விகளைப் பின்தொடர்ந்து போனால் மின் கிதாரின் முழு வரலாற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

மாண்டலின் இத்தாலி நாட்டுக் கருவி. நேப்பிள்ஸ் நகரத்துக் கைவினைஞர்கள் 18ஆம் நூற்றாண்டில் அதற்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தார்கள். வயலினைப் போலவே சுருதி கூட்டுவார்கள். ஆனால் தந்திகள் நான்கல்ல, எட்டு. ஒவ்வொரு சுருதிக்கும் இரண்டிரண்டு தந்திகள் அருகருகே கட்டப்பட்டிருக்கும். ஏன் இந்த இரட்டை ஏற்பாடு? அதிரும் தந்தியின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர்தான். வீணையில் அது 80 சென்டிமீட்டரையும் தாண்டும். குட்டைத் தந்தியின் ஒலி மெலிதாக இருக்கும். விரைவில் அடங்கியும் விடும். ஒலி வலுவாகக் கேட்க வேண்டுமானால் தந்திகளை இரட்டிக்க வேண்டும். ஒலி நீடிக்க வேண்டுமானால் மீண்டும் மீண்டும் படபடவென்று மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய திரைப்பாடல்களில் படகுக் காட்சிகளிலும் நிலாக் காட்சிகளிலும் 'கிணுகிணு'வென்று நடுங்கி ஒலிக்கும் தந்தி ஓசையைக் கேட்டிருப்பீர்கள். அது மாண்டலினின் அழகு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அந்தக் கருவியின் இயலாமையிலிருந்து பிறந்த உத்தி.

இந்தக் கருவியில் ஒரு தோடியையோ பைரவியையோ வாசிக்க முயன்றால் என்ன ஆகும்? முதல் தடை கமகம். வீணையில் கலைஞர் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் பல ஸ்வரங்களைக் காட்டுகிறார். தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். ஸட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்குப் போக அதிர்வெண் 9/8 மடங்காக வேண்டும். எனவே இழுவிசை 81/64 மடங்காக வேண்டும். அதாவது ஏறத்தாழ 27 விழுக்காடு கூடவேண்டும். அந்தர காந்தாரம் வரை இழுப்பதானால் அதிர்வெண் 5/4 மடங்கு, இழுவிசை 25/16 மடங்கு: 56 விழுக்காடு கூடுதல்! ஒரு தந்திக்கே இப்படியென்றால், விரலடியில் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுப்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டும் சரிசமமாக இழுபடவும் மாட்டா. ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் மற்றது 442 ஹெர்ட்ஸிலும் நின்றால் விநாடிக்கு 2 விம்மல்கள் கேட்கும். காதுக்கு அது சுருதி பிசகிய ஒலி. இரண்டாவது தடை, ஒலியின் ஆயுள். கமகம் என்பது ஒரே மீட்டில் பிறந்த ஒலி உயிரோடிருக்கும்போதே அதை அசைப்பது. படபடவென்று மீட்டினால் அந்த அசைவு துண்டு துண்டாகிவிடும்.

தந்தியை இரட்டிக்காமலும் ஒலி நீடிக்க வழியுண்டா? இதற்கு ஆற்றல் கணக்கைப் பார்க்க வேண்டும். மீட்டும்போது விரல் தந்திக்குக் கொடுக்கும் ஆற்றல் மிகச் சிறிது. மெல்லிய தந்தி தானாகக் காற்றை அதிகம் அசைக்க இயலாது. குதிரையின் வழியாக ஒலிப்பலகையை அசைக்கிறது. பலகைதான் காற்றை அசைக்கிறது. பலகை எவ்வளவு தாராளமாக ஆற்றலை வாங்கிச் செலவிடுகிறதோ அவ்வளவு உரத்த ஒலி. அவ்வளவு விரைவில் தந்தியும் ஓய்ந்துவிடும். கையிருப்புக் குறைவாக உள்ளவன் ஆடம்பரமாகச் செலவு செய்தால் மாதக் கடைசி வரை தாங்காதல்லவா? உரப்பும் நீடிப்பும் ஒன்றையொன்று தின்கின்றன. மரவேலையில் எத்தனை தேர்ச்சி இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து முற்றிலும் தப்ப முடியாது. தப்ப வேண்டுமானால், தந்தியின் ஆற்றலை எடுக்காமல் அதன் அசைவைப் பற்றிய செய்தியை மட்டும் எடுத்துச் செல்லும் ஒரு வழி வேண்டும்.

அந்த வழிக்கான அடிப்படையை மைக்கேல் ஃபாரடே 1831இலேயே கண்டுவிட்டார். கம்பிச்சுருள் ஒன்றின் ஊடே காந்தப்பாயம் மாறினால் சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படும். ஒரு காந்தம், அதன்மேல் தலைமயிர் அளவே பருமனுள்ள செம்புக் கம்பியால் பல ஆயிரம் சுற்றுகள், அருகே ஓர் எஃகுத் தந்தி. காந்தத்தின் அருகாமையால் தந்தியும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் பாயம் அதே அதிர்வெண்ணில் மாறுகிறது. கிடைப்பது பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவான சிறு மின்னழுத்தம். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் போதும். தந்தி ஏறக்குறையத் தன் ஆற்றலையெல்லாம் தானே வைத்துக்கொள்கிறது.

மாணவர்கள் இதைச் செய்தே பார்க்கலாம். சுரமானியின் எஃகுக் கம்பிக்குக் கீழே, காந்தத்தின்மேல் சுற்றிய ஒரு சுருளை வைத்து, அதன் முனைகளை சி.ஆர்.ஓ.வில் இணையுங்கள். கம்பியை மீட்டினால் திரையில் அலை எழும். எஃகுக் கம்பியை எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பியைக் கட்டுங்கள். காதுக்கு நன்றாகக் கேட்கும். திரையில் அலை பெரும்பாலும் காணாமற்போகும். வீணையின் பித்தளைத் தந்திகளுக்கு இந்தவகைச் சுருள் ஏன் ஒத்துவராது என்பது அப்போது விளங்கிவிடும்.

ஃபாரடேயிலிருந்து கிதாருக்கு வர நூறாண்டு ஆயிற்று. 1931இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் பியூசாம்ப் என்ற கிதார்க் கலைஞர், வீட்டிலேயே சோதனைகள் செய்து, இரண்டு குதிரைலாட காந்தங்களும் ஒரு சுருளும் கொண்ட அமைப்பை உருவாக்கினார். ஹாரி வாட்சன் என்பவர் மேப்பிள் மரத்தில் உடலையும் தண்டியையும் செதுக்கிக் கொடுத்தார். சின்ன வட்ட உடல், நீண்ட காம்பு. பார்த்தவர்கள் 'வாணலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் வரலாற்று நூல்களில் அதுதான் பெயர். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் கூட்டுச் சேர்ந்து 1932 முதல் அலுமினிய வார்ப்பில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அலுமினியத்தில் ஒரு தொல்லை. மேடை விளக்குகளின் சூட்டில் அது விரிவடையும், சுருதி கலையும்.

இந்த வாணலியை மார்போடு அணைத்து வாசிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். மடியில் கிடத்தி, இடக்கையில் ஓர் எஃகுக் கட்டையைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிப்பார்கள். ஹவாய்த் தீவுகளின் முறை அது. நம் கோட்டுவாத்தியம் வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது! ஹவாயில் இந்த முறையைப் பரப்பியவர் ஜோசப் கெக்குகு. அவருக்கும் முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பலில் அங்கு வந்து சேர்ந்த காப்ரியேல் டேவியன் என்பவர் இப்படி வாசித்தார் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வழுக்கி வாசிக்கும் இசைக்கு நீடித்த ஒலி வேண்டும். முதல் மின் கிதார் அந்த இசைக்காகவே பிறந்தது.

பியூசாம்ப் 1934 ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இது வேலை செய்யுமா என்றே பரிசோதகர்களுக்கு ஐயம். சோல் ஹூப்பி முதலிய கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, அலுவலகத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 1937 ஆகஸ்டு 10ஆம் தேதி காப்புரிமை கிடைத்தபோது, வேறு பல நிறுவனங்கள் மின் கிதார்களை விற்கத் தொடங்கிவிட்டிருந்தன.

அவற்றுள் பெரும்பாலானவை பழைய கிதாரின் கூடான உடலிலேயே சுருளைப் பொருத்தியவை. அதில் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. நான் வசிக்கும் மதுரை கே.கே. நகரில் ஆடி மாதம் பிறந்தால் தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டுவார்கள். 'ஹலோ மைக் டெஸ்டிங்' முடிவதற்குள் 'கூ' என்று ஓர் ஊளை கிளம்பும். ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் நுழைந்து, பெருகி, மறுபடி நுழையும் பின்னூட்டம்தான் அது. கூடான கிதார் உடலும் அப்படியே ஒலிபெருக்கியின் ஒலியை வாங்கி அதிரும், தந்தியும் சேர்ந்து அதிரும், ஊளை கிளம்பும். தீர்வு எளிது. கூட்டை ஒழித்துவிட்டுக் கனமான கட்டையில் தந்தியைக் கட்டுவது. 1940ஐ ஒட்டி நியூயார்க்கில் லெஸ் பால் ஒரு பைன் மரக் கட்டையில் இதைச் செய்தார். அதன் பெயரே 'கட்டை'. ஏறக்குறைய அதே காலத்தில், பிரேசில் நாட்டின் சல்வடோர் நகரில் டோடோ, ஓஸ்மார் என்ற இரு நண்பர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். டோடோ வானொலி மின்கருவிகளில் கைதேர்ந்தவர். அவர்கள் கட்டையில் கட்டியது பெரிய கிதாரை அல்ல. மாண்டலின் அளவுள்ள சிறு கருவியை. 1950 திருவிழாவில் ஒரு பழைய ஃபோர்டு காரின்மேல் அதை வாசித்தபடி வீதிவலம் வந்து ஊரையே ஆடவைத்தார்கள்.

அமெரிக்காவில் அந்தக் காலத்துக் கட்டைக் கிதார் செய்தவர்களில் பால் பிக்ஸ்பி என்பவர் தனி ரகம். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்கு வார்ப்பு மாதிரிகள் செய்துவந்தவர். கிதார்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்வார். ஆகவே அவர் செய்தவை மிகச் சிலவே. 1952இல் டைனி மூர் என்ற கலைஞருக்காக அவர் ஒரு மின் மாண்டலின் செய்தார். அதில் எட்டுத் தந்திகள் இல்லை. ஐந்து ஒற்றைத் தந்திகள். ஐந்தாவது தாழ்ந்த சுருதிக்காக. பிரேசிலின் சிறு கருவியிலும் பின்னாளில் ஓஸ்மாரின் மகன் அர்மாந்தினியோ ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார்.

இனி பாலக்கொல்லுவுக்கு வருவோம். ஆந்திர மாநிலம் மேற்கு கோதாவரி மாவட்டத்திலுள்ள அவ்வூரில் 1969 பிப்ரவரி 28ஆம் தேதி ஸ்ரீநிவாஸ் பிறந்தார். தந்தை சத்யநாராயணா கிளாரினெட் கலைஞர். 6 வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கிய மகனை, தம் குருவான ருத்ரராஜு சுப்பராஜுவிடமே ஒப்படைத்தார். சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. இது பெரிய பாக்கியமாக அமைந்தது என்பேன். ஆசிரியர் பாடுவார், பையன் அதைக் கருவியில் கொண்டுவர வேண்டும். மாண்டலினால் எது இயலும், எது இயலாது என்ற முன்முடிவு இருவருக்குமே இல்லை. பாட்டில் நீண்டு அசையும் ஸ்வரம் கருவியிலும் நீண்டு அசைய வேண்டும். எட்டுத் தந்திக் கருவியில் அது வராது. இரட்டைத் தந்திகள் ஒற்றையாயின. கூடான உடல் போய் மின் கருவி வந்தது. மந்திர ஸ்தாயிக்கு இடம் வேண்டி நான்கு தந்தி ஐந்தாயிற்று. கலிபோர்னியாவிலும் பிரேசிலிலும் வேறு இசைக்காகச் செய்த அதே மாற்றங்கள்! தந்தியின் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

1978இல் குடிவாடாவில் தியாகராஜர் விழாவில் முதல் கச்சேரி. மூன்றாண்டில் சென்னை. 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. 1998இல் பத்மஸ்ரீ.

மின்சாரம் வழியாக வரும் ஒலி கர்நாடக சங்கீதத்துக்குப் பொருந்துமா என்ற முணுமுணுப்பும் இல்லாமலில்லை. வரலாற்றைப் பார்த்தால் இந்த முணுமுணுப்புக்கு வயது அதிகம். பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று வயலின் இல்லாத கச்சேரியே அரிது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாயார் மதுரை சண்முகவடிவு வாசித்த வீணை எந்த மின்கம்பியும் இல்லாமல் ஒலித்தது உண்மைதான். ஆனால் பெரிய அரங்குகள் வந்தபின் வீணைக் கலைஞர்களே தம் கருவியில் தொடு ஒலிவாங்கியைப் பொருத்திக்கொண்டார்கள். வீணைக்கு மின்சாரம் துணை. ஸ்ரீநிவாஸின் மாண்டலினுக்கோ அதுவே குடம். என் மாணவர் ஒருவர், "அப்படியானால் மின்வெட்டு வந்தால் கச்சேரி நின்றுவிடுமா, சார்?" என்று கேட்டார். நின்றுவிடும்! முன்வரிசைக்கு மட்டும் கொசு பாடுவதுபோல் கேட்கும்.

நீடித்த ஒலியைத் தேடிய இன்னொருவரைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. கனடா நாட்டவரான மைக்கேல் புரூக் 1980களில் 'முடிவிலாக் கிதார்' என்ற ஒன்றை அமைத்தார். சுருள் தரும் மின்குறிப்பைப் பெருக்கி, அதையே இன்னொரு சுருளுக்கு அனுப்பி, அதன் காந்தப்புலத்தால் தந்தியைத் தள்ளிக்கொண்டேயிருப்பது அதன் தத்துவம். ஊஞ்சல் திரும்பும் கணத்தில் சரியாகத் தள்ளிவிடுவதைப் போல. தொல்லை என்று விரட்டப்பட்ட பின்னூட்டம் இங்கே வேலைக்காரனாயிற்று. அவ்வகைக் கிதார்கள் மூன்றே மூன்றுதான் செய்யப்பட்டன. புரூக்கும் ஸ்ரீநிவாஸும் சேர்ந்து வழங்கிய 'ட்ரீம்' என்ற இசைத்தட்டு 1995இல் வெளிவந்தது. வில் இல்லாமலே வில்லின் நீடிப்பைத் தேடிய இருவர் ஒரே இசைத்தட்டில்!

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19ஆம் தேதி சென்னையில் காலமானார். 45 வயது. அவர் தம்பி ராஜேஷ் அந்தக் கருவியைத் தொடர்ந்து வாசித்து வருகிறார்.

இந்த வரலாற்றில் அமெரிக்கப் பகுதியை ஆண்டு, மாதம், தேதியோடு என்னால் எழுத முடிந்ததைக் கவனித்திருப்பீர்கள். காரணம், அங்கே கருவிகள் தம் பிறப்புச் சான்றிதழைத் தாமே சுமந்திருக்கின்றன. பிக்ஸ்பி, கருவியை முடித்த தேதியையே வரிசை எண்ணாகப் பொறித்தார். ஃபெண்டர் நிறுவனம் 1950இல் கொண்டுவந்த 'பிராட்காஸ்டர்' கிதாருக்கு அடுத்த ஆண்டே பெயர்த் தகராறு வந்தது. அதே ஒலிப்புள்ள பெயரில் கிரெட்ச் நிறுவனம் முரசுகள் விற்றுவந்தது. ஃபெண்டர் தொழிலாளர்கள் ஒட்டுச்சீட்டில் அந்தச் சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டினார்கள். 'டெலிகாஸ்டர்' என்ற புதுப்பெயர் வரும்வரை சில மாதங்கள் பெயரில்லாமலே கிதார்கள் வெளிவந்தன. இன்று அந்தப் பெயரில்லாமைதான் அவற்றின் அடையாளம், விலையும் அதனால்தான்.

பெயரும் எண்ணும் அழிந்திருந்தாலும் உள்ளே ஒரு சாட்சி உண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் சில எண்கள் பொறித்திருக்கும். 1376612 என்று இருந்தால், 137 என்பது செய்த நிறுவனத்தின் குறி; 66 என்பது 1966ஆம் ஆண்டு; 12 என்பது அந்த ஆண்டின் 12ஆம் வாரம். கிதார் அந்த வாரத்துக்கு முன் முழுமை பெற்றிருக்க முடியாது. அகழாய்வில் ஒரு மண்ணடுக்கில் காசு கிடைத்தால், அடுக்கு அந்தக் காசுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்று முடிவு செய்கிறார்களே, அதே வாதம். ஆனால் காசின்மேல் பின்னாளில் யாரும் குழி தோண்டவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதுபோலப் பற்றவைப்பு ஈயம் பழையதா, மறுபடி உருக்கியதா என்றும் பார்க்க வேண்டும். மெருகெண்ணெய்ப் பூச்சைப் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும். சுருளின் மின்தடையையும் அளப்பார்கள். அங்கே ஓர் எச்சரிக்கை. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் 6000 ஓம் காட்டிய சுருள், சித்திரை மாதத்து மதுரையில் 38 டிகிரியில் 6400 ஓமுக்கு மேல் காட்டும். சுருளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

நம் பக்கத்துக் கருவிகளின் நிலை என்ன? 1960, 70களில் வெளிநாட்டுக் கருவி வாங்குவது எளிதாக இல்லை. திரையிசைக் கூடங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் மின் கிதார் அப்போதே ஒலித்தது. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து சென்னை சென்ற இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கும் முன் இசைக்குழுக்களில் கிதார் வாசித்தவர்தாம். அந்தக் காலத்து உள்ளூர்க் கருவிகள் பலவற்றில் தேதியும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. தச்சர் ஒருவர் கட்டையைச் செதுக்கியிருப்பார். ரேடியோ மெக்கானிக் ஒருவர் சுருளைச் சுற்றியிருப்பார். வாசித்தவர் பெயரே மறந்துபோகும் நாட்டில் சுற்றியவர் பெயர் எப்படி நிலைக்கும்? ஆண்டுக்கொரு வீடு காலி செய்யும்போது இத்தகைய கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. விலைமதிப்பற்ற சான்றுகள் இப்படி எடைக்குப் போவதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய மின் கிதாரோ மாண்டலினோ இருந்தால் ஒரு மாலைப்பொழுதை அதற்குச் செலவிடுங்கள். பின்புற மூடியைத் திருகுகளைக் கழற்றி மெதுவாகத் திறந்து, உள்ளே உள்ள எண்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். தந்தியின் நீளத்தை மேல்முனையிலிருந்து குதிரை வரை மில்லிமீட்டரில் அளவிடுங்கள். சுருளின் மின்தடையை அளந்தால் அன்றைய வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். எதையும் துடைக்கவோ புதிதாகப் பற்றவைக்கவோ வேண்டாம். வால்வு வைத்த பழைய பெருக்கி கூட இருந்தால் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கியபின்னும் அதன் மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். கருவியை வாங்கியவர், வாசித்தவர், பழுது பார்த்தவர் ஆகியோரின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. மழைக்கால ஈரத்தில் மை கரைந்துவிடும்.